மருதை ஒன்று, சார்ஜர் தனி

தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேலே, இரண்டாவது மாடியில், பொதுப்பயன் இயங்குதள ஊக்குவிப்பு வாரியத்தின் மண்டல அலுவலகம் இருந்தது. லிஃப்ட் ஸ்கேன் சென்டரோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிதான். படி முடிகிற இடத்தில் ஒரு பலகை. அதில் பச்சை எழுத்தில் வாரியத்தின் கொள்கை: ‘கணினியை இயக்கும் இந்த மென்பொருள் மக்கள் அனைவருக்கும் சொந்தம். இதைப் பயன்படுத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.’ அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், பிற்பாடு யோசித்துச் சேர்த்ததுபோல: ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.’

உமாமகேஸ்வரி இரண்டையும் படித்தாள். முப்பது வருஷம் ஸ்கூலில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பச்சையும் சிவப்பும் முட்டிக்கொண்டால் சிவப்பைத்தான் நம்ப வேண்டும் என்று தெரிந்து வாசலிலேயே நின்றாள்.

தோளில் புது லேப்டாப் பை. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் துவாலையில் சுற்றிய பழைய ஹார்ட் டிஸ்க். லிஃப்ட்டில் கூட வந்த நர்ஸ் பெண் துவாலையைப் பார்த்துவிட்டு, “சாம்பிளா இருந்தா கீழ லேப்ல குடுக்கணும்மா” என்று சொல்லியிருந்தாள். ஒரு விதத்தில் சாம்பிள்தான்.

அந்த டிஸ்கில் இருந்தது அவள் கணவர் ரத்தினவேலின் குரல்.

ரத்தினவேல் கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த மூன்றாம் வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு இருக்காது என்று டாக்டர் சொன்னார். அவர் வீட்டுக்கு வந்தார், பின்னறைக்குள் போனார், தெருச் சத்தம் கேட்காமலிருக்கத் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்தார். தொள்ளாயிரத்துச் சொச்சம் வாக்கியங்களைத் தன் குரலில் பழைய லேப்டாப்பில் பேசிப் பதிந்து வைத்தார். ‘காபி ஆறிப்போச்சு.’ ‘ஃபேனைக் குறை.’ ‘உங்க அண்ணன் வந்தா நான் தூங்குறேன்னு சொல்லு.’ அவளை உள்ளே விடவில்லை. “நான் என்னல்லாம் பேசப்போறேன்னு இப்பவே உனக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன சுவாரசியம்?” என்றார்.

அதன்பின் பதினான்கு மாதம் அந்த லேப்டாப்தான் அவருக்கு வாய். இரண்டு எழுத்தைத் தட்டினால் ஒரு வாக்கியம் வரும். சண்டைகூட அப்படித்தான் நடந்தது. அவள் ஒன்று சொல்லிவிட்டு, அவர் பதிலைத் தேடி எடுக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். தோதான பதில் அகப்படாவிட்டால் ‘காபி ஆறிப்போச்சு’ என்பதையே மூன்று தரம் தட்டுவார்.

சித்திரையில் அவர் போனார். வைகாசி முடிவதற்குள் அந்த லேப்டாப்பும் போனது. டிஸ்க் மட்டும் பிழைத்தது. பெங்களூரிலிருந்து மகள் அறிவுமதி புது லேப்டாப் ஒன்று வாங்கி அனுப்பினாள். சிங்காரத்தோப்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஆசீர் டிஸ்கை அதில் மாட்டிப் பார்த்தார்.

“அக்கா, டிஸ்க் காலியா இருக்குன்னு சொல்லுது. பார்மேட் பண்ணிரவா?”

“தம்பி, கையை எடுங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆசீர் கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கினார். “காலி இல்லக்கா. இந்த லேப்டாப்புக்கு இத வாசிக்கத் தெரியலை. சார் ஓட்டினது யூனிக்ஸ் வகையறா. அதே சிஸ்டத்த இந்தப் புதுசுலயும் ஏத்தினாத்தான் இந்த டிஸ்க் வாயத் திறக்கும். எனக்கு அது பழக்கமில்லை. தில்லை நகர்ல அதுக்குன்னே கவர்மென்ட் ஆபீஸ் ஒண்ணு இருக்கே, பாத்ததில்லையா?”

ரத்தினவேல் இருந்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடித்திருப்பார். இருந்திருந்தால் தேவையே வந்திருக்காது. அந்தத் தொள்ளாயிரத்தில் அவள் கேட்டது இருநூறு இருக்கும். மிச்சம் எழுநூறை அவர் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

*

“உள்ள வாங்க மேடம், ஏன் அங்கயே நிக்கிறீங்க?” என்று கண்காணிப்பாளர் பிரேமலதா கூப்பிட்டாள். மேஜைமேல் கம்ப்யூட்டர் இல்லை. ஃபைல்கள் இருந்தன, ஒவ்வொன்றும் நாடாவால் கட்டி.

உமாமகேஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். பிரேமலதா இரக்கத்தோடு கேட்டாள். கேட்டு முடித்ததும் எட்டுப் பக்கப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“அனுமதி தேவையில்லைன்னு வெளியில போட்டிருக்கே?”

“தேவையில்லைதான் மேடம். ஆனா உங்களுக்குத் தேவையில்லைன்னு நாங்க சொல்லணும்ல? அதுக்குத்தான் இது. அனுமதித் தேவையின்மைச் சான்று.”

முதல் பக்கத்தில் பெயர். இரண்டாம் பக்கத்தில் லேப்டாப்பின் பெயர். மூன்றாம் பக்கத்தில், எந்த வருஷம் வாங்கியது என்ற கேள்வி.

“போன மாசம்.”

கீழே ஸ்கேன் பார்த்துச் சொல்கிற டாக்டரம்மாவின் முகம் பிரேமலதாவுக்கு வந்தது. “புதுசா?” என்றாள் மெல்ல.

“ஆமா.”

“நம்மகிட்ட அங்கீகரிக்கப்பட்ட வன்பொருள் பட்டியல்னு ஒண்ணு இருக்கு மேடம். அதுல இருக்கற மெஷின்லதான் ஏத்தலாம். பட்டியல்ல வரணும்னா அந்த மெஷின் நம்ம சிஸ்டத்துல மூணு வருஷம் புகார் இல்லாம ஓடியிருக்கணும்.”

“அப்ப புது மெஷின் பட்டியல்ல வரவே வராதா?”

“வராம என்ன? பழசானா வரும்.”

“சிஸ்டத்தை ஏத்தாம மூணு வருஷம் எப்படி ஓட்டுறதும்மா?”

“இதைத்தான் மேடம் எல்லாரும் கேக்குறாங்க” என்றாள் பிரேமலதா, ஆறுதல் சொல்வதுபோல.

“எல்லாரும்னா எத்தனை பேரு?”

“உங்களையும் சேத்து நாலு பேரு. ஒன்பது வருஷத்துல.”

மண்டல இயக்குநர் அற்புதசாமியைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். இயக்குநரின் மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குப் பூவேலை செய்த உறை போட்டு, உறையின் மேல் ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள்.

“நான் இதைத் திறக்கிறதில்லை” என்றார் அவர், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து. “தலைமைப் பொறுப்புல இருக்கறவன் எந்த மெஷின் பக்கமும் சாயக் கூடாது பாருங்க. உட்காருங்கம்மா. உங்க கணவர் இந்த அமைப்பைப் பயன்படுத்தினார்னு கேட்டு ரொம்ப மகிழ்ச்சி. இதோட மகத்துவம் என்ன தெரியுமா? இது திறந்தது. யார் வேணும்னாலும் உள்ளே திறந்து பார்க்கலாம். அதனாலதான் நாங்க இதைப் பீரோவுல பூட்டி வெச்சிருக்கோம்.”

உமாமகேஸ்வரி தலையாட்டினாள். வகுப்பில் இப்படி ஒருவன் கட்டுரை எழுதியிருந்தால் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பாள்.

“நான் ஒரு கையேடு எழுதியிருக்கேன். நூற்றி நாற்பது பக்கம். அதுல ஒரு இடத்துலகூட கம்ப்யூட்டர்ங்கிற வார்த்தை வராது. அவ்வளவு எளிமை.” ஒரு பிரதியை எடுத்து, கையெழுத்துப் போட்டு, அவளிடம் கொடுத்தார். பிறகு லேப்டாப் பையைப் பார்த்தார். “இது புதுசா?”

“ஆமாங்க. அதான் முடியாதுன்னு சொல்றாங்க.”

இயக்குநர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். அடுத்த மாதம் சென்னையிலிருந்து வாரியத் தலைவர் வருகிறாராம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டு அனுப்பியிருக்கிறாராம்: புது கம்ப்யூட்டர் ஒன்றிலாவது நம் சிஸ்டம் ஓடுகிறதா? அலுவலகத்தில் இருப்பவை எல்லாம் ஒன்பது வருஷத்துக்கு முந்தியவை.

“விதி பதினாலில் பரிசோதனை வகுப்புன்னு ஒண்ணு இருக்கு” என்றார். “உங்க லேப்டாப்பை இங்க வெச்சுட்டுப் போங்கம்மா. வரலாறு படைக்கலாம்.”

“லேப்டாப் இருக்கட்டும். டிஸ்கை விட்டுட்டுப் போக மாட்டேன். நானும் இங்கயே உட்காந்துக்கிறேன்.”

*

மறுநாளிலிருந்து உமாமகேஸ்வரி காலை பத்தரைக்கு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, மெயின்கார்டு கேட்டில் இறங்கி, ஆட்டோவில் வந்து, பார்வையாளர் ஸ்டூலில் டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, பீரோவைத் திறந்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, சிஸ்டம் இருந்த பென் டிரைவை வெளியே எடுத்தார்கள். பிரேமலதா லேப்டாப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நெற்றி எது என்று ஒரு விநாடி யோசித்து, திரைக்கு மேலே நட்டநடுவில் வைத்தாள். அந்த இடத்தில்தான் கேமரா இருந்தது. ‘கேமரா: அனைத்தும் மஞ்சளாகத் தெரிகிறது, புது வன்பொருளின் குறைபாடு’ என்று பின்னால் அறிக்கையில் ஏறியது.

அந்த அலுவலகத்தின் நடைமுறை விசித்திரமானது. திரையில் ஏதாவது எழுத்து வந்தால் யாரும் அதைப் படிப்பதில்லை. போட்டோ எடுத்து, அச்சடித்து, ஃபைலில் கோத்து, ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று எழுதி, அடுத்த மேஜைக்கு அனுப்புவார்கள். பென் டிரைவை லேப்டாப் ஏற்க மறுத்தபோது வந்த மூன்று வரி இப்படி ஒன்பது நாள் பயணம் செய்தது.

பத்தாம் நாள் மருதை டீ கொண்டுவந்தார். அலுவலக உதவியாளர், ஐம்பதைத் தாண்டியவர், ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து கூட்டி, திறந்து, டீ வாங்கி, பூட்டிவிட்டுப் போகிறவர். டம்ளரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். “ஸ்டார்ட் பண்றப்ப எஃப்-டூ அமுக்கி, உள்ள ‘செக்யூர் பூட்’னு இருக்கறத அணைக்கச் சொல்லுதுங்களே” என்றார்.

“உனக்கு எப்படி மருதை தெரியும்?” என்றாள் பிரேமலதா.

“எழுதியிருக்குங்களே.”

அணைத்தார்கள். சிஸ்டம் ஏறத் தொடங்கியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழைபோல ஓடியது. ரத்தினவேலின் லேப்டாப்பைத் திறக்கும்போதும் இப்படித்தான் ஓடும். உமாமகேஸ்வரி ஸ்டூலை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மழை ஓரிடத்தில் நின்றது. லேப்டாப்பில் இருந்த வைஃபை மிகவும் புதுசு. அதை ஓட்ட ஒரு ஃபைல் வேண்டும். அந்த ஃபைல் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போக வைஃபை வேண்டும்.

பிரேமலதா இதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். “நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரியே இருக்கே மேடம்!” என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு அந்த சிஸ்டத்தின்மேல் ஒரு மரியாதை வந்தது. தலைமையகத்துக்குக் கடிதம் போனது. தலைமையகம், ‘தேவையான ஃபைல் இணையத்தில் உள்ளது, இணையத்தில் இணைந்து பெற்றுக்கொள்க’ என்று தபாலில் பதில் அனுப்பியது.

“என் போனை வயர் போட்டு மாட்டிப் பாக்கலாங்களா?” என்றார் மருதை, டம்ளர்களை எடுக்கும்போது. “வேற வழியில நெட் இருந்தா மாட்டச் சொல்லித் திரையில கடைசி வரில போட்டிருக்கு.”

மாட்டினார். போனின் இன்டர்நெட் வயர் வழியாக லேப்டாப்புக்குள் போனது. ஐந்து நிமிஷம். இயக்குநரே அறையை விட்டு வெளியே வந்து கை தட்டினார். உடனே ஆய்வறிக்கை தயாரானது. ஆய்வறிக்கை தயாரானதில்தான் வினை பிடித்தது. அதில் இந்தக் கணினியின் உறுப்புகள் வரிசையாக ஏறிவிட்டன: திரை ஒன்று. விசைப்பலகை ஒன்று. வலைத்தொடர்பு: மருதை (ஒன்று).

அறிக்கையில் ஏறியதை மாற்ற முடியாது. அன்றிலிருந்து லேப்டாப் திறந்திருக்கும் நேரமெல்லாம் மருதை ஒரு மீட்டர் வயரின் மறுமுனையில் நிற்க வேண்டியதாயிற்று. போனில் சொத்து எண் ஒட்டினார்கள். சொத்து இருக்குமிடம் என்ற கட்டத்தில் ‘மருதையின் சட்டைப் பை’ என்று எழுதினார்கள். அவர் பாத்ரூம் போனால் பதிவேட்டில் ‘வலைத்தொடர்பு துண்டிப்பு, நான்கு நிமிடம்’ என்று ஏறியது. கொழுந்தியா வீட்டுக் காதுகுத்துக்கு லீவு கேட்டார். கணினியின் உதிரி பாகங்களுக்கு விடுப்பு விதிகள் பொருந்தா என்று பதில் வந்தது. டீ வாங்கிவர ஆள் இல்லாமல் அலுவலகம் வாடியது.

“அப்ப நான் இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகும்போது?” என்று கேட்டாள் உமாமகேஸ்வரி.

பிரேமலதா விதியைப் புரட்டினாள். “அங்கீகரிச்ச அமைப்பைப் பிரிக்கக் கூடாது மேடம். இவரையும் கூட்டிட்டுப் போகணும்.”

“மத்தியானம் சாப்பாடு போட்டுருவீங்களாம்மா?” என்றார் மருதை.

“கதவை இடிக்காம நிப்பீங்களா?”

“நின்னுதான பழக்கம்.”

அவள் சிரித்தாள். சித்திரைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தது அதுதான். தன் சிரிப்பே அவளுக்கு யாரோ பக்கத்தில் சிரித்ததுபோல இருந்தது.

*

டிஸ்கை மாட்டும் நாள் வந்தது. துவாலையைப் பிரித்து அவளே எடுத்துக் கொடுத்தாள். மருதை திரை சொன்னதை எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்து, ரத்தினவேலின் கோப்புகளையும் அவர் செய்துவைத்திருந்த ஏற்பாடுகளையும் அப்படியே புது லேப்டாப்புக்குக் கொண்டுவந்தார். பட்டியல் விரிந்தது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் வைத்த இரண்டெழுத்துப் பெயர்.

உமாமகேஸ்வரி ‘காஆ’ என்று தட்டினாள். காபி ஆறிப்போச்சு.

திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடியது. சின்னச் சின்ன அலை எழும்பி அடங்கியது. அவர் மூச்சு விட்ட இடம், நிறுத்திய இடம் எல்லாம் அலையில் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

இன்னொன்று தட்டினாள். இன்னொன்று. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். காதை வைத்துப் பார்த்தார்கள். மருதை திரையைப் பார்த்தார். திரை எந்தக் குறையும் சொல்லவில்லை. “எல்லாம் சரியா ஓடுதுன்னுதாம்மா போட்டிருக்கு” என்றார், முதல்முறையாகத் தான் வாசித்ததை நம்பாமல்.

பிரேமலதா எழுதினாள்: ஒலி: இல்லை. லேப்டாப் ஊமை வகுப்பில் சேர்க்கப்பட்டது.

இயக்குநர் அவளை அறைக்கு அழைத்துத் தேற்றினார். “குரலை ஏன் இவ்வளவு பெரிசா எடுத்துக்கிறீங்க? எழுத்து வருதில்ல? எங்க வாரியத்துல ஒன்பது வருஷமா யாரோட குரலையும் நாங்க கேட்டதில்லை. ஏதாவது குறைஞ்சு போச்சா?”

அவள் வெளியே வந்து லேப்டாப்பைக் கேட்டாள்; தலைவர் வந்துபோன பிறகுதான் தருவோம் என்றாள் பிரேமலதா. “அப்ப சார்ஜரையாவது குடுங்க, எடுத்துட்டுப் போறேன்” என்றாள். அது அறிக்கையில் ஏறவில்லை என்பதால் பிரேமலதா தடை சொல்லவில்லை. “சார்ஜர் தனி உருப்படி மேடம். அதை இதோட சேக்கணும்னா தனி விண்ணப்பம்.”

*

விழா பக்கத்துக் கட்டடத்தின் மண்டபத்தில். மேடையில் ஆள் உயர டிவி, இரண்டு பக்கமும் வாடகை ஸ்பீக்கர். நடுவில் மேஜை, மேஜைமேல் லேப்டாப், லேப்டாப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் புதுச் சீருடையில் மருதை. எல்லோரும் பார்க்க வேண்டும் என்று லேப்டாப்பிலிருந்து டிவிக்கு ஒரு தடித்த வயரை மாட்டியிருந்தார்கள். பதினொரு மணிக்கே திறந்து வைத்துவிட்டார்கள். வாரியத் தலைவர் பன்னிரண்டரைக்கு வந்தார். வந்ததும் பொன்னாடையை லேப்டாப்புக்குப் போர்த்தினார். திரை மறைந்ததும் மருதை அதை எடுத்து மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

உமாமகேஸ்வரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சார்ஜர்.

இயக்குநர் பேசத் தொடங்கினார். ஒன்றரை மணிக்கும் பேசிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பிரிஞ்சி வாசனை வர ஆரம்பித்தது.

“எத்தனை கணினியில் நிறுவினீர்கள் என்று எங்களைக் கேட்கிறார்கள். எண்ணிக்கை எங்கள் நோக்கமல்ல. நோக்கம்தான் எங்கள் நோக்கம்! விண்ணப்பித்தவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் தாங்களாகவே திரும்பிப் போய்விட்டார்கள். இன்று தமிழகத்திலேயே நிலுவை இல்லாத ஒரே மண்டலம் நம் மண்டலம்தான் என்பதைத் தலைவர் அவர்களுக்குப் பெருமையோடு…”

“உமா, வயரைச் சொருகு.”

மண்டபம் முழுக்கக் கேட்டது. இரண்டு ஸ்பீக்கரிலும்.

இயக்குநர் பேச்சை நிறுத்தி முதல் வரிசையைப் பார்த்தார். “கேள்விகள் இறுதியில்” என்றார்.

உமாமகேஸ்வரியின் கை தானாகச் சார்ஜரைப் பிடித்தது. முதுகு தானாக வளைந்தது. கடைசி மாதங்களில் அவர் கட்டிலில்தான் இருந்தார். பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னால், சுவரோரம். லேப்டாப்பில் சார்ஜ் இறங்கியதும், அவர் தட்டாமலேயே, அது இப்படிக் கூப்பிடும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, குனிந்து, கையை நுழைத்துச் சொருகுவாள். பதினான்கு மாதம், ஒரு தரம்கூட அவரை இரண்டாவது முறை கூப்பிட விட்டதில்லை.

பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். இரண்டாவது முறை அவர் என்ன சொல்வார்?

மேடையில் மருதை லேப்டாப் திரையின் மூலையைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த சார்ஜரைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கிக் கேட்டார். அவள் ‘வேண்டாம்’ என்று தலையசைத்தாள். மருதை மறுபடி வலைத்தொடர்பாக நின்றார்.

“…நாங்கள் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. அவசரம் தனியாரின் குணம். இந்த இயங்குதளத்தை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி உருவாக்குகிறார்கள். நாங்கள் ஊதியம் பெற்றுக்கொண்டு அதைப் பாதுகாக்கிறோம். யாரிடமிருந்து என்று கேட்கலாம். இன்னும் பதினோரு கருத்துகள் உள்ளன. முதலாவதாக…”

“காதுல விழுந்துச்சா இல்லையா? பேசினது போதும். வந்து சொருகு.”

பின் வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். கைதட்டல் எழுந்தது. தலைவர் கண் விழித்து, “யாருய்யா அது? சரியாத்தான சொல்றான்” என்றார். பிரேமலதா நிகழ்ச்சி நிரலை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அப்படி ஓர் உரை அதில் இல்லை. இயக்குநருக்கு வியர்த்தது. “இரண்டே கருத்தில் முடித்துக்கொள்கிறேன்” என்று யாரிடம் என்று தெரியாமல் காற்றைப் பார்த்து உறுதி சொன்னார்.

உமாமகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ‘வரேன், இருங்க, பறக்காதீங்க’ என்று உதட்டுக்குள் சொன்னாள். சார்ஜரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அது தானாகப் போய்ச் சொருகிக்கொண்டுவிடும் என்பதுபோல.

இயக்குநர் இரண்டாவது கருத்தின் நடுவில் இருந்தபோது மூன்றாவது முறை குரல் வந்தது. இந்தத் தடவை அதில் கோபம் இல்லை. போர்வைக்குள்ளிருந்து, மெல்ல.

“சரி, விடு. குனிஞ்சா உனக்கும் முதுகு வலிக்கும். நான் கொஞ்ச நேரம் தூங்குறேன். நீ போய்ச் சாப்பிடு.”

டிவி இருண்டது. லேப்டாப் அணைந்தது.

பிறகு தலைவர் எழுந்தார். அவர் எழுந்ததும் முன் வரிசை எழுந்தது; முன் வரிசை எழுந்ததும் மண்டபமே எழுந்து, பந்தியை நோக்கிப் போனது. வாரியத்தின் ஒன்பது ஆண்டு வரலாற்றில் ஓர் அறிவிப்பு அறிவித்த மாத்திரத்தில் நடைமுறைக்கு வந்தது அன்றுதான்.

*

காலி நாற்காலிகளுக்கு நடுவே உமாமகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பிரேமலதா பக்கத்தில் வந்து நின்றாள்.

“யாரு மேடம் அது?”

“எங்க வீட்டுக்காரர்.”

பிரேமலதா பதிவேட்டைத் திறந்தாள். ‘ஒலி: இல்லை’ என்ற வரியைப் பார்த்தாள். “அடிச்சுத் திருத்தக் கூடாதுன்னு விதி” என்றாள். மூடிவிட்டாள். “ஆனா நான் காதால கேட்டேன் மேடம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு பந்திப் பக்கம் போனாள்.

மருதை அவளிடமிருந்து சார்ஜரை வாங்கிப் போய் மேடையில் சொருகி, லேப்டாப்பைத் திறந்து, கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, சத்தம் முதல் நாள்லேர்ந்தே வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு. டிவிக்குப் போற ஓட்டை வழியாப் போயிருக்கு. அந்தப் பக்கம் கேக்கறதுக்கு நாமதான் ஒண்ணும் மாட்டலை.” ஒரே ஒரு வரியை மாற்றினார். “இனிமே இதுலயே கேக்கும்.”

பிறகு தன் போன் வயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அவள் பதறினாள். “நெட்வொர்க்?”

“அதுக்கு வேண்டிய ஃபைல் அன்னிக்கே என் போன் வழியா இறங்கிருச்சுங்க. அன்னியிலேர்ந்து லேப்டாப்பு தன்னாலதான் ஓடுது. எனக்கு ஒரு வேலையும் இல்லை. ரிப்போர்ட்ல பேரு ஏறிட்டதால நின்னுட்டிருந்தேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அதுக்கு ஒரு ரிப்போர்ட் போடுவாங்கம்மா.” பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டார். “எடுத்துட்டு நேராப் போங்க. எல்லாரும் சாப்பிடுறாங்க.”

அவள் லேப்டாப்பைப் பையில் வைத்தாள். டிஸ்கைத் துவாலையில் சுற்றினாள். “போயிட்டு வரேன்” என்றாள்.

“வராதீங்கம்மா” என்றார் மருதை.

இப்போது ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் சாயங்காலமானால் அவள் வேண்டுமென்றே வயரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை ஓடவிடுகிறாள். முதல் தடவை கூப்பிடும்போது அரிசி களைந்துகொண்டிருப்பாள். இரண்டாவது தடவை அதட்டும்போது, “வரேன், வரேன்” என்பாள், நகர மாட்டாள். மூன்றாவது தடவை ஆனதும் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவாள். இன்னும் அறுநூற்றுச் சொச்சம் வாக்கியம் பாக்கி. நாளைக்கு ஒன்றுக்கு மேல் அவள் தட்டுவதில்லை.

பேட்டரியை இப்படி அடிவரை வடியவிடுவது சாதனத்துக்குக் கேடு என்றும், தவிர்க்க முடியாத நேரங்களில் மண்டல இயக்குநரின் முன் அனுமதி பெற வேண்டும் என்றும் கையேட்டின் நூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. அவள் படித்திருக்கிறாள்.

இன்னும் விண்ணப்பிக்கவில்லை.